கொள்ளிட வடகரைப் பக்திப் பாடல்களில் இயற்கையும் இறையின்பமும்

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடத்தின் வடகரை, தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் தனி இடம் பெற்ற நிலப்பகுதி. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும், அவர்களுக்குப் பின் சுந்தரரும், சோழர் காலத்தில் கருவூர்த் தேவரும், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் இப்பகுதியில் பாடினர். சமயத்தாலும் காலத்தாலும் வேறுபட்ட இப்பாடல்கள் ஆறு, சோலை, வண்டு, பறவை, மழை ஆகியவற்றைத் தொடர்ந்து பேசுகின்றன. இறைவன் ஓர் ஊரில் இருக்கிறான் என்பதோடு, அந்த ஊரை விரும்பி அங்கே மகிழ்ந்திருக்கிறான் என்பதும் இவற்றின் அடிப்படைக் கருத்து. அந்த மகிழ்ச்சியின் அடையாளமாகவே ஊரின் நீர்வளமும் சோலைவளமும் பாடப்படுகின்றன. வடக்கே பெரம்பலூர்ப் பகுதியின் வறண்ட நிலத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கருத்தின் ஆழமும் எல்லையும் தெளிவாகும்.

நிலமும் நீரும்

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001ஆம் ஆண்டு அரியலூர் மாவட்டம் உருவாக்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நிலம் இது. பச்சைமலையில் தோன்றும் மருதையாறு இரு மாவட்டங்களின் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் சேர்கிறது.

இந்நிலத்தின் பெரும்பகுதி மானாவாரி வேளாண்மையை நம்பியது. பெரம்பலூரின் கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அரியலூரின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் அடுக்கு உள்ளது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சான்றாகக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் இங்கே கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன பெரிய அடிமரம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. தெற்கே கொள்ளிடத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் நிலத்தின் முகம் மாறுகிறது. அங்கே வண்டல் மண்ணும் வயலும் தென்னையும் வாழையும் காணப்படுகின்றன.

அரியலூர் மாவட்டத்தின் மூன்று தேவாரத் தலங்களான திருமழபாடி, திருப்பழுவூர் (கீழப்பழுவூர்), திருவிசயமங்கை (கோவிந்தபுத்தூர்) ஆகியவை காவிரி வடகரைத் தலங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றன. இவற்றுள் திருமழபாடியும் கோவிந்தபுத்தூரும் கொள்ளிடக் கரையிலேயே அமைந்தவை. கீழப்பழுவூர் ஆற்றுக்குச் சற்று வடக்கே உள்ளது. நீர் இருந்த இடத்தில் ஊரும், ஊர் இருந்த இடத்தில் கோயிலும், கோயில் இருந்த இடத்தில் பாட்டும் தோன்றின.

பழைய வேர்

இயற்கையையும் தெய்வத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பக்தி இயக்கத்துக்கு முன்பே தமிழில் வேரூன்றியிருந்தது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குச் சேயோனையும் முல்லைக்கு மாயோனையும் மருதத்துக்கு வேந்தனையும் நெய்தலுக்கு வருணனையும் தெய்வங்களாகச் சொல்கிறது. திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலையின் அருவி வருணனையோடு முடிகிறது. பரிபாடலில் திருமாலும் செவ்வேளும் பாடப்படுவது போலவே வையை ஆறும் பாடப்படுகிறது. புதுநீர் வரவும் அதில் ஆடும் மக்களின் மகிழ்ச்சியும் வழிபாட்டின் பகுதியாகவே அங்கே அமைகின்றன.

சங்கப் பாடல்களில் திணை என்பது பெரும்பாலும் பொதுவான நிலம். தேவாரத்தில் அது பெயர் உள்ள ஊராகிறது. எந்த மலை, எந்த ஆறு, எந்தச் சோலை என்பதைச் சொல்லாமல் பதிகம் நிறைவதில்லை. சம்பந்தரின் பல பதிகங்களில் பாடலின் முற்பகுதி இறைவனின் செயலையும் பிற்பகுதி ஊரின் இயற்கையையும் சொல்கிறது. ஆலகாலம் உண்டவன், முப்புரம் எரித்தவன் என்ற பேரண்டச் செய்திகளும், வாழைக் குலையும் வண்டின் ஒலியும் ஆகிய சிறு செய்திகளும் ஒரே பாட்டில் நிற்கின்றன. பெரிய ஒன்று இந்தச் சிறிய ஊரை விரும்பி வந்திருக்கிறது என்ற வியப்பு இந்த அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது.

ஐயாற்றுக் காட்சி

திருமழபாடிக்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்து சென்றால் காவிரியின் வடகரையில் திருவையாறு உள்ளது. இயற்கையில் இறையின்பத்தைக் காண்பதற்குத் தமிழில் உள்ள மிகத் தெளிவான சான்று இந்த ஊரோடு தொடர்புடையது. பெரியபுராணத்தின்படி, முதுமையில் கயிலையைக் காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலால் உருண்டும் செல்ல முடியாத நிலையை அடைந்தார். இறைவன் அவரை ஒரு பொய்கையில் மூழ்கச் செய்தான். அவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில்.

அப்போது அவர் பாடிய பதிகம் நான்காம் திருமுறையில் மூன்றாவதாக உள்ளது. கயிலையின் பனிமலையோ தேவர் கூட்டமோ அதில் முதன்மை பெறவில்லை. பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் கோழி, குயில், அன்னம், மயில், ஏனம், நாரை, கிளி, பசுவோடு வரும் ஏறு எனப் பாட்டுக்கு ஒன்றாக இணை இணையாக வரும் உயிர்களை அவர் காண்கிறார். ஒவ்வொரு பாடலின் முடிவிலும், இறைவனின் திருவடியைக் கண்டதாகவும், அதுவரை காணாததைக் கண்டதாகவும் சொல்கிறார். கோழியும் பன்றியும் மாடும் அவர் அதுவரை பார்த்திராதவை அல்ல. அவற்றில் சிவமும் சக்தியும் இணைந்திருப்பதைக் கண்டதே அவருக்குப் புதிது. தொலைவில் தேடிய கயிலை சோழநாட்டு ஊர் ஒன்றின் வழக்கமான காலைப்பொழுதில் கிடைத்தது என்பதே இந்தப் பதிகத்தின் செய்தி.

இதே திருநாவுக்கரசர் பல்லவ மன்னனின் ஆணையால் சுண்ணாம்பு நீற்றறையில் அடைக்கப்பட்டபோது பாடியதாகச் சொல்லப்படும் பாடலும் இங்கே நினைக்கத்தக்கது. இறைவனின் திருவடி நிழலை அவர் குற்றமற்ற வீணையின் ஒலிக்கும், மாலை நிலவுக்கும், தென்றலுக்கும், இளவேனிலுக்கும், வண்டு மொய்க்கும் பொய்கைக்கும் ஒப்பிடுகிறார். தீயின் நடுவே இருந்தவருக்கு இறைவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல, இசை ஒன்றும் இயற்கைப் பொருள்கள் நான்குமே தேவைப்பட்டன.

திருமழபாடி

திருமழபாடி என்ற பெயருக்கு மழவர் என்னும் வீரக்குடியினர் பாடிவீடு அமைத்துத் தங்கிய இடம் என்று வரலாற்று விளக்கம் கூறப்படுகிறது. மார்க்கண்டேயருக்காக இறைவன் மழு ஏந்தி ஆடிய இடம் என்பது தலபுராண விளக்கம். இறைவன் வைத்தியநாதர் என்றும், இறைவி சுந்தராம்பிகை என்றும் அழைக்கப்படுகின்றனர். தலமரம் பனை.

இத்தலத்துக்குச் சம்பந்தர் மூன்று பதிகங்களும், அப்பர் இரண்டு பதிகங்களும், சுந்தரர் ஒரு பதிகமும் பாடியுள்ளனர். சம்பந்தரின் மூன்றாம் திருமுறைப் பதிகம் ஒன்று ஊரின் ஒரு நாளை நான்கே அடிகளில் வரைகிறது. காலையில் வண்டுகள் பூவைக் கிண்டுகின்றன. மேகம் தொடும் சோலையில் கிளிகள் சொல்லும் பொருளும் பழகுகின்றன. மாலையில் நிலவு தவழ்கிறது. கடல் விடத்தை அணிந்தவன் இந்த ஊரை விரும்புகிறான். அந்தணர் ஓதும் மறையைக் கேட்டுக் கேட்டுக் கிளிகளும் ஓதத் தொடங்கிவிட்டன என்ற குறிப்பு இதில் உண்டு. மனிதர், பறவை, தெய்வம் ஆகிய மூவரும் ஒரே ஒலிக்குள் இருக்கின்றனர்.

சுந்தரரின் பதிகம் ஏழாம் திருமுறையில் 24ஆவது. பண் நட்டராகம். தமிழ்நாட்டில் சிவன் கோயிலுக்குச் செல்லும் பலருக்கும் மனப்பாடமாக உள்ள தேவாரங்களில் இதுவும் ஒன்று. இது பிறந்த கதையைச் சேக்கிழார் சொல்கிறார். காவிரியின் தென்கரையில் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் இறைவன் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று கேட்டான். திடுக்கிட்டு எழுந்த சுந்தரர் ஆற்றைக் கடந்து வடகரை ஏறி மழபாடியை அடைந்து பாடினார்.

மறதியில் தொடங்கிய பயணம் என்பதால் இப்பதிகம் முழுவதும் நினைவைப் பற்றியதாக உள்ளது. உன்னைத் தவிர இனி வேறு யாரை நினைப்பேன் என்ற கேள்வி பாடல்களின் முடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. பொன் போன்ற மேனி, மின்னல் போன்ற சடை, அதில் கொன்றைப் பூ என இறைவனின் உருவமே இயற்கைப் பொருள்களால் கட்டப்படுகிறது. ஊரைச் சுற்றி இருண்ட மாஞ்சோலையும் வண்டு நிறைந்த பூஞ்சோலையும் உள்ளன. அவற்றின் நடுவே இறைவன் மாணிக்கமாக ஒளிர்கிறான். மறந்துபோன ஒருவருக்கு அந்த ஊரை நினைவூட்டுவன சோலையும் வண்டும்தான்.

பழுவூரும் விசயமங்கையும்

அரியலூருக்குத் தெற்கே உள்ள கீழப்பழுவூர் ஆலந்துறைநாதர் கோயில் சம்பந்தரின் பதிகம் பெற்றது. பழு என்பது ஆலமரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஊர்ப்பெயர், இறைவன் பெயர், தலமரம் மூன்றும் ஒரே மரத்தைச் சுட்டுகின்றன. இப்பதிகத்தில் இயற்கையை விட ஊரின் ஓசைகள் மிகுதி. மாடங்களில் ஏறிய பெண்கள் பாடுகின்றனர். பூவைப் பறவையோடு மகளிர் இறைவன் புகழைச் சொல்கின்றனர். மறை ஓதும் ஒலி கேட்கிறது. இவற்றோடு மலையாளர் என்ற பிரிவினர் பண்ணோடு பாடித் தொழுவதும் சொல்லப்படுகிறது.

மலையாளர் பற்றிய இக்குறிப்பு வரலாற்று ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. பிற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர் குலத்தைச் சேர்ந்தவரை முதலாம் பராந்தகனின் மாமனாராகக் குறிப்பிடும் அன்பில் செப்பேடு, அவரைக் கேரள அரசர் என்கிறது. பழுவூருக்கும் மேற்கு மலைநாட்டுக்கும் இருந்த உறவு, செப்பேட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு பக்திப் பாடலில் பதிவாகியிருப்பதாக இதைக் கொள்ள இடமுண்டு. கீழையூரில் உள்ள அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக் கோயில் இக்குலத்தாரின் கலைப் பணிக்குச் சான்று.

கிழக்கே கொள்ளிடக் கரையில் உள்ள கோவிந்தபுத்தூரின் பழம்பெயர் கோவந்தபுத்தூர். பசு வந்து வழிபட்ட ஊர் என்பது பொருள். கோயிலின் பெயர் விசயமங்கை. அருச்சுனன் வழிபட்டதால் அப்பெயர் வந்தது என்பது மரபு. அப்பரும் சம்பந்தரும் இதைப் பாடியுள்ளனர். ஊர் கொள்ளிடக் கரையில் உள்ளது என்று அப்பர் ஆற்றின் பெயரைச் சொல்லியே பாடியிருப்பது குறிப்பிடத்தக்கது. இந்த ஆற்றுப்பெயர் 7ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியதற்கு இது சான்றாகிறது. உத்தம சோழன் காலத்தில் அம்பலவன் பழுவூர் நக்கன் என்ற அதிகாரி இக்கோயிலைக் கற்றளியாக்கினார்.

கங்கைகொண்ட சோழபுரம்

முதலாம் ராஜேந்திர சோழன் தன் கங்கைப் படையெடுப்பின் நினைவாக இப்பகுதியில் புதிய தலைநகரை எழுப்பினான். அங்கே கட்டிய சிவன் கோயில் இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலோடு இணைந்த பட்டியலில் 2004ஆம் ஆண்டு இது சேர்க்கப்பட்டது. நகருக்கு வெளியே சோழகங்கம் என்ற பேரேரி வெட்டப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீர்மயமான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. மற்ற அரசர்கள் வெற்றிக்குக் கல்தூண் நட்ட உலகில், ஏரியை வெற்றித்தூணாகச் சொன்னது இந்நிலத்துக்குப் பொருத்தமான கற்பனை. இந்த ஏரி இன்று பொன்னேரி என்று அழைக்கப்படுகிறது.

இக்கோயிலைப் பாடிய கருவூர்த் தேவரின் பதிகம் ஒன்பதாம் திருமுறையான திருவிசைப்பாவில் உள்ளது. அரசனின் புதிய நகரத்தைப் பாடினாலும், அதன் தொடக்கம் வெற்றியைப் பேசவில்லை. பிரமன் அன்னமாகி வானில் பறந்து தேடியும் காண முடியாத பெரியவன், சிறியவனான தன்னை விரும்பி மனத்துக்குள் புகுந்த எளிமையைக் கவிஞர் சொல்கிறார். அதை என்றும் மறக்க மாட்டேன் என்கிறார். சம்பந்தரிடம் இறைவன் விரும்பிய இடம் சோலை சூழ்ந்த ஊர். கருவூர்த் தேவரிடம் அது அடியவரின் மனம். அன்னப்பறவை இங்கே தேடலின் தோல்விக்கு அடையாளம். இறைவனைத் தேடிப் பிடிக்க முடியாது, அவனே விரும்பி வந்தால்தான் உண்டு என்ற கருத்து இரண்டிடத்திலும் ஒன்றே.

வறண்ட நிலத்தின் பாட்டு

வடக்கே பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள வாலிகண்டபுரம் வேறொரு குரலைத் தருகிறது. இராமாயண வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீசுவரர் கோயில் அங்கே உள்ளது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் இவ்வூர் முருகனை வாலிகொண்டபுரம் என்ற ஊர்ப்பெயரோடு பாடியுள்ளார்.

இந்தத் திருப்புகழின் தொடக்கத்தில் வரும் உயிர்கள் ஈ, எறும்பு, நரி, நாய், கழுகு, காகம். இவை அழகுக்காக வரவில்லை. மனித உடலை முடிவில் உண்ணப் போகிறவையாக வருகின்றன. இப்படிப்பட்ட உடலைச் சுமந்து திரிகிறேனே என்ற ஏக்கத்திலிருந்து பாடல் முருகனை நோக்கி எழுகிறது. உடலின் நிலையாமையைப் பேசுவது அருணகிரிநாதரின் பொதுவான போக்கு என்பதால், இதை நிலத்தின் வறட்சியால் விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கொள்ளிடக் கரையின் கிளியையும் வண்டையும் அடுத்து இதை வைத்துப் படிக்கும்போது, பக்திப் பாடல் இயற்கையின் இனிய பக்கத்தை மட்டும் தெரிந்தெடுத்ததில்லை என்பது விளங்கும். இரைதேடும் உயிர்களும் அதற்குள் உண்டு.

ஏலாக்குறிச்சி: வீரமாமுனிவர்

கான்ஸ்டன்ஸோ ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1710ஆம் ஆண்டு கோவா வந்து, அங்கிருந்து தமிழகம் வந்து, வீரமாமுனிவர் என்ற பெயரால் தமிழ் இலக்கியத்தில் நிலைபெற்றார். கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமழபாடிக்குக் கிழக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். அங்கே உள்ள அடைக்கல மாதா கோயில் அவரோடு தொடர்புடையது. ஊருக்குத் திருக்காவலூர் என்ற பெயரை வழங்கி, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அன்னை அழுங்கல் அந்தாதியும் அவர் இயற்றியதே. கோயில் உள்ள ஊரைப் பெயர் சொல்லிப் பாடும் தமிழ் மரபு இவ்வாறு மரியாளின் திருத்தலத்துக்கும் வந்தது.

அவரது தேம்பாவணி புனித சூசையப்பரை வளன் என்ற பெயரில் காப்பியத் தலைவராக்கியது. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. 1726ஆம் ஆண்டு நிறைவு பெற்றதாகக் கூறப்படுகிறது. கதை நடப்பது யூதேயாவில். எனினும் காப்பியம் தமிழ் முறைப்படி நாட்டுப்படலத்தோடு தொடங்குகிறது. மேகம் கடல்நீரை முகக்கிறது. மலையில் மழை பெய்கிறது. வெள்ளம் இறங்கி வயலை நிரப்புகிறது. கம்பராமாயணமும் சீவக சிந்தாமணியும் படித்தவருக்குப் பழகிய காட்சி இது. பாலைவனத்தை அடுத்த யூதேயாவின் நிலத்தில் மருதத்தின் நீர்வளம் பாய்கிறது.

இதை நிலவியல் பிழையாகக் கொள்வதை விட, மொழியின் தேவையாகக் கொள்வதே பொருந்தும். இறைவன் மனிதனாகப் பிறக்கத் தெரிந்தெடுத்த நாடு சிறந்த நாடு என்று தமிழில் சொல்ல வேண்டுமானால், அந்த நாட்டில் மழை பெய்து வயல் விளைய வேண்டும். இறைவன் விரும்பிய இடத்துக்குத் தமிழ் வைத்திருந்த அடையாளம் நீர். வீரமாமுனிவர் அந்த இலக்கணத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டார்.

தேம்பாவணியில் கருணையன் என்ற பெயரில் வரும் திருமுழுக்கு யோவான், தாய் எலிசபெத் இறந்தபோது காட்டில் தனித்து நின்று புலம்பும் பகுதி தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் வழியாகப் பல மாணவர்கள் அறிந்தது. அவன் துயரைக் கண்டு மலர் நிறைந்த சோலையும் சுனையும் பறவைகளும் சேர்ந்து அழுகின்றன. மகிழ்ச்சியில் உடன்பாடிய இயற்கை துயரத்தில் உடன் அழுகிறது.

சைவப் பாடலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தேவாரத்தில் இறைவன் இயற்கைக்குள் விளையாடுகிறான். அப்பருக்குக் களிறும் பிடியுமே சிவமும் சக்தியுமாகத் தெரிகின்றன. கிறித்தவ மரபில் இயற்கை படைக்கப்பட்டது, படைத்தவனைப் புகழ்வது. சூரியனும் சந்திரனும் கடல்வாழ் உயிர்களும் மலைகளும் இறைவனைப் போற்ற வேண்டும் என்று விவிலியத்தின் 148ஆம் திருப்பாடல் அழைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அசிசி நகரப் பிரான்சிசு, கதிரவனை உடன்பிறப்பாகச் சொல்லிப் பாடினார். அந்த மரபில் வளர்ந்த துறவி ஒருவர் கொள்ளிடக் கரைக்கு வந்தபோது, தன் சமயத்தின் கருத்துக்கு உரிய உருவத்தை இங்கிருந்த பாட்டு மரபில் கண்டார்.

மரபும் மெய்யும்

இப்பாடல்களில் வரும் இயற்கையை அப்படியே அக்கால நிலப்பதிவாகக் கொள்ள இயலாது. வண்டு மொய்க்கும் சோலை, மேகம் தொடும் பொழில் போன்ற தொடர்கள் தேவாரத்தில் பல ஊர்களுக்கும் பொதுவானவை. எதுகையும் பண்ணும் கேட்கும் சொற்களும் உண்டு. தேம்பாவணியின் யூதேயாவே இம்மரபின் வலிமைக்குச் சான்று.

ஆனால் பொதுத்தொடர்களின் நடுவே சில தனிச்செய்திகள் நிற்கின்றன. ஆற்றின் பெயர், ஆலமரத்தால் ஆன ஊர்ப்பெயர், பண்ணோடு பாடிய மலையாளர் ஆகியவை அவ்வகை. மேலும், பொதுத்தொடரும் ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒரு தலத்தின் பெருமையை அளக்கக் கோபுரத்தின் உயரத்தையோ பொன்னின் எடையையோ தேவாரம் முன்வைக்கவில்லை. நீர் நிறைந்திருக்கிறதா, சோலை நிழல் தருகிறதா, பறவை வருகிறதா என்பதையே முன்வைத்தது.

பாடல்கள் நிலைத்த வழி

இப்பாடல்கள் இன்றுவரை வந்ததற்கு ஓலையும் கல்லும் குரலும் காரணம். திருமழபாடிக் கல்வெட்டு ஒன்று இதில் அரிய செய்தியைத் தருகிறது. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் செய்தான். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. சுந்தரர் மறதியை வென்று பாடிய ஊரில், கல்லின் எழுத்தும் மறதியிலிருந்து மீட்கப்பட்டது.

குரல் வழி மரபுக்கு உ.வே. சாமிநாதையரின் இளமை எடுத்துக்காட்டு. அவர் சிறுவயதில் குடும்பத்தோடு அரியலூரிலும், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னத்திலும் வாழ்ந்தார். அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டதைத் தன் வரலாற்றில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். பிற்காலத்தில் பரிபாடலைப் பதிப்பித்து, வையையைப் பாடிய அந்தப் பழம்பாடல்களை அச்சில் நிலைக்கச் செய்தவரும் அவரே.

விழாவும் ஒரு நினைவு முறைதான். பங்குனி மாதத்தில் திருமழபாடியில் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. மாப்பிள்ளை வீடு திருவையாறு. நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் நடக்கும் இத்திருமணத்தைக் காணப் பல ஊர் மக்கள் கூடுகின்றனர். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இப்பகுதிச் சொல்வழக்கு. இணை இணையாக வந்த உயிர்களை அப்பர் கண்ட ஊரிலிருந்து காளை முகத்துத் தெய்வம் மணமகனாகப் புறப்பட்டு வருவது இயல்பாகப் பொருந்துகிறது.

இன்றைய நிலை

பாடல்கள் நிலைத்தன. அவை பாடிய நீர் அவ்வாறு நிலைக்கவில்லை. 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, காவிரிப் பாசனத்துக்கு நீரைத் திருப்பியது. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை வந்த பின் ஆற்றின் போக்கு மேலும் கட்டுக்குள் வந்தது. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ள உபரியைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகாலாயிற்று. ஆண்டின் பல மாதங்கள் திருமழபாடிக்கு எதிரே காணப்படுவது மணற்பரப்பே. அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதில், கோபுரக் கற்கள் எடுத்துச் செல்லப்பட்டன. நீரை வெற்றித்தூணாக்கிய அரசனின் கோயில் கல் நீரைத் தடுக்கும் அணையில் சேர்ந்தது. சோழகங்கம் நெடுங்காலம் தூர்ந்து காடாகக் கிடந்தது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள்.

மறுபுறம், பறவைகள் இப்பகுதியைக் கைவிடவில்லை. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக நிரப்பும் கரைவெட்டி ஏரி 1999ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமானது. 2024ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருகின்றன. திருமழபாடி, கீழப்பழுவூர், ஏலாக்குறிச்சி ஆகிய மூன்று பாடல் ஊர்களும் இதே திருமானூர் வட்டாரத்தில் உள்ளவை. நாரையும் வாத்தும் இறங்கும் அளவுக்கு ஏரியில் நீர் இருக்கும் ஆண்டுகளில், சம்பந்தரின் அளவுகோலின்படி இது இன்னும் இறைவன் விரும்பும் இடமே.